ஓரத்தில் நின்ற கட்டில்

ஒரு கறுப்புத் தோள்பைக்குள் மூன்று லென்ஸ்கள் குடித்தனம் நடத்திவந்தன. குடித்தனம் என்று சொல்வது மரியாதைக்கு. உள்ளே நடந்தது நாள் முழுக்கச் சண்டை.

கேமரா லென்ஸுக்கு யாரும் பெயர் வைப்பதில்லை. கழுத்தில் என்ன எண் எழுதியிருக்கிறதோ அதுதான் பெயர். மூத்தது முப்பத்தைந்து. நடுவில் இருபத்துநாலு. கடைக்குட்டி பதினாலு. இந்த வம்சத்தில் ஒரு வினோதம் உண்டு, எண் சிறுத்தால் பார்வை பெருக்கும். ஒரு சுவரிலிருந்து பத்தடி தள்ளி நிற்கிறோம் என்று வையுங்கள். முப்பத்தைந்துக்கு அந்தச் சுவரில் பத்தடி நீளம் தெரியும். இருபத்துநாலுக்குப் பதினைந்தடி. பதினாலுக்கோ இருபத்தைந்தடியும் தாண்டித் தெரியும். நின்ற இடம் ஒன்றுதான், பார்க்கிற கண்தான் வேறு.

பதினாலுக்கு இதில் தலைகால் புரியாத பெருமை. அதன் முகப்புக் கண்ணாடியே முழி பிதுங்கினாற்போல வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். "குறுக்கில் நூற்றுநாலு டிகிரி. எனக்குத் தெரியாம இந்த ஊர்ல ஒரு ஈ பறக்க முடியாது" என்று விடிந்ததும் ஆரம்பித்துவிடும்.

"பார்த்தது சரி. பார்த்ததுல எவ்வளவு உனக்குப் புரிஞ்சுது?" என்று கேட்கும் முப்பத்தைந்து. ஐம்பத்துநாலு டிகிரிதான் அதன் சொத்து, ஆனால் வாய் மட்டும் முந்நூற்று அறுபது டிகிரியும் சுற்றும். "கிருஷ்ணகிரிக் கல்யாணத்துல ஓரமா நின்ன பொண்ணோட மாமாவை இழுத்துப் பூசணிக்காய் ஆக்கினியே, அதுவும் பார்வைதானா? நடுவுல நிக்கிறவன் தப்பிச்சான், ஓரத்துல நிக்கிறவன் உன் கையில மாட்டினா ரப்பர்."

"அது என் பிறவி. ஓரத்தைக்கூட விடாம பார்க்கிறேன்ல, அதான் கொஞ்சம் இழுக்குது. நீ ஓரத்தைப் பார்க்கிறதே இல்லை, உனக்கு எங்கேர்ந்து தெரியும்?"

இருபத்துநாலு இந்த இரண்டுக்கும் நடுவில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கும். நல்ல பிள்ளை என்று பெயர் எடுத்தவர்கள் எல்லோரும் அப்படித்தானே பெயர் எடுத்திருக்கிறார்கள்.

பைக்குச் சொந்தக்காரர் ஜெயசீலன். கல்யாணம், காதுகுத்து, கட்டடம் என்று எது வந்தாலும் எடுப்பவர். மனுஷன் கெட்டவர் இல்லை. ஆனால் எதிரில் நிற்பவர் இஸ்திரி போட்ட சட்டையில் இருந்தால் இவருக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அந்த ஒரு வியாதிதான் இந்தக் கதை முழுக்க வருகிறது.

இரட்டைமடைக் கால்வாய் என்று ஒரு கால்வாய். அதன் கரையில் இரண்டு தெருக்கள், முதல் தெரு, இரண்டாம் தெரு. இரண்டையும் காலி செய்து, அங்கே இருப்பவர்களை ஊருக்கு வெளியே கட்டியிருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு அனுப்புவது என்று ஒரு திட்டம். யாரையும் விரட்டக் கூடாதாம், அவர்களாகவே சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டுமாம். சம்மதிக்க வைப்பதற்குத்தான் படம். படம் எடுப்பதற்குத்தான் ஜெயசீலன். அவரைக் கூட்டிவந்தவர் திட்ட மேலாளர் தணிகாசலம்.

புது வேலைக்குப் போனால் ஜெயசீலனுக்கு ஒரு பழக்கம். முதலில் ஓரிடத்தில் முக்காலி ஸ்டாண்டை நிறுத்துவார். அதன் காலை அசைக்காமல் மூன்று லென்ஸையும் ஒவ்வொன்றாக மாட்டி ஒவ்வொரு படம் எடுப்பார். "பாருங்க சார், எது வேணும்னு நீங்களே சொல்லுங்க" என்று காட்டுவார். அன்றைக்கு முதல் தெருவில் தேசம்மா வீட்டுக்கு எதிரே, சரியாகப் பத்தடி தள்ளி நிறுத்தினார்.

முப்பத்தைந்து எடுத்த படத்தில் தேசம்மா வீட்டுக் கதவு, விரிசல் விட்ட சுவர், வாசலில் கறுப்பாக ஓடும் சாக்கடை. அவ்வளவுதான்.

இருபத்துநாலின் படத்தில் அவற்றோடு தெருக்குழாயும் வந்தது. குழாயடியில் குடத்தை இடுப்பில் வைத்தபடி இரண்டு பெண்கள் எதற்கோ விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

பதினாலின் படத்தில் தெருவே வந்துவிட்டது. குழாய்க்கு அந்தப் பக்கம் பூவரச மரம், அதன் நிழலில் பால்வாடி, பிள்ளைகளின் செருப்பு வரிசை. இந்தப் பக்கம் மருந்துக் கடை, ஷேர் ஆட்டோ நிற்கும் இடம், ஆட்டோவில் சாய்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த ஒரு கிழவர்.

தணிகாசலம் கேமராவின் முதுகில் மூன்று படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "இந்தத் தெருவுக்கு மொதல்ல எடுத்ததையே போடுங்க. சுவரு, சாக்கடை, போதும். அங்க புது வீட்டுக்கு இந்தக் கடைசி லென்ஸைப் போடுங்க."

"சார், அது ரொம்ப அகலம். சின்ன ரூமெல்லாம் அதுல பெருசாத் தெரியும்" என்றார் ஜெயசீலன்.

"தெரியட்டுமே."

ஜெயசீலனின் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

பைக்குள் போனதும் முப்பத்தைந்து கொதித்தது. "என் கண்ணை வச்சுக் குழாயை வெட்டிட்டான். மரத்தை வெட்டிட்டான். மருந்துக் கடையை இடிச்சே போட்டான். இனிமே இந்தத் தெருன்னா சாக்கடைதான்னு ஊரே பேசும், அதுக்கு நான் சாட்சி."

"உன் பார்வை அவ்வளவுதான், அதுக்கு அந்தாளு என்ன பண்ணுவாரு?" என்று சிரித்தது பதினாலு. "முழுசாப் பார்க்கிறவனைத்தான் நல்ல வேலைக்குக் கூப்பிடுவாங்க. புது வீட்டுக்கு யாரை எடுத்தாங்க பார்த்தியா?"

அந்த நேரத்தில்தான் கதவைத் திறந்துகொண்டு தேசம்மா வெளியே வந்தாள். ஐம்பது வயதிருக்கும். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகியிருந்தாள், இரண்டு கையும் ஈரம். உள்ளே இரும்புக் கட்டிலில் அவள் புருஷன் ஏகாம்பரம் படுத்திருந்தான். மூட்டை தூக்கும்போது லாரியிலிருந்து விழுந்து முதுகெலும்பு போனவன். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி கிடையாது. ஆறு வருஷமாகக் கட்டில்தான் அவனுக்குத் தெரு, ஊர், எல்லாம்.

"போட்டோக்கார அண்ணே, அந்தப் புது வூட்டையும் நீதான் எடுக்கப் போறியா?" என்று கேட்டாள்.

"ஆமாம்மா."

"எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் தெரியணும். கட்டிலை நடுவுல போட்டா ரெண்டு பக்கமும் நான் நடக்க எடம் இருக்குமா? இந்தப் பக்கத்துலேந்து தள்ளி அந்தப் பக்கத்துலேந்து இழுத்துப் பொரட்டணும். ரெண்டு மணிக்கொரு தபா பொரட்டலைன்னா முதுகுல புண்ணு வந்துடும். ஒரு தபா வந்துச்சு, உள்ள விரல் போற அளவுக்கு. மாடி, லிஃப்ட்டு, பால்கனி இன்னாவா இருந்தாலும் சரி, எனக்கு அதெல்லாம் வேணாம். ரெண்டு பக்கமும் எடம். அது தெரியற மாதிரி எடுத்துக் குடு."

"எடுத்துத் தரேம்மா" என்றார் ஜெயசீலன். அப்போது அவர் மனசாரத்தான் சொன்னார்.

பதினாலும் கேட்டுக்கொண்டிருந்தது. இந்தப் பெண்பிள்ளைக்கு வேண்டியது ஒரு மூலைமுடுக்கு விடாத படம், அதை என்னைவிட யார் எடுத்துவிட முடியும் என்று அது நினைத்தது. மறுநாள் மாலை புதுக்கட்டடத்தின் நாலாவது மாடியில், ஓர் அறையின் மூலையில் முதுகு சுவரோடு ஒட்ட நின்று ஜெயசீலன் அதை மாட்டினார். அறை எட்டடிக்கு ஏழடி. பதினாலு மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. மூன்று சுவர், தரை, கூரை, ஜன்னல், சமையல் மேடை, எதையும் விடவில்லை. ஒரு சுண்ணாம்புப் பொட்டுகூடத் தப்பவில்லை.

"பிரமாதம்" என்றார் தணிகாசலம்.

பதினாலுக்கு ஒரு வாரம் தரையில் கால் படவில்லை.

பிறகு வந்தது சமூகக் கூடத்தில் கூட்டம். சுவரில் இரண்டு படங்களை ஆளுயரத்துக்கு அச்சடித்து மாட்டியிருந்தார்கள். இடது பக்கம் முப்பத்தைந்து எடுத்த சாக்கடை. வலது பக்கம் பதினாலு எடுத்த அறை. கூட்டத்தைப் படமெடுக்க வந்த ஜெயசீலன் கழுத்தில் கேமரா தொங்கியது, கேமராவின் முகத்தில் பதினாலு. ஆக, தான் எடுத்த படத்தைத் தானே பெரிதாகப் பார்க்கும் பாக்கியம் அன்றைக்குத்தான் அதற்குக் கிடைத்தது.

பார்த்தது. முதலில் எந்த வீடு என்றே அதற்கு அடையாளம் தெரியவில்லை. எட்டடி அறை பதினாறடிக் கூடமாக நீண்டு கிடந்தது. எதிர்ச்சுவர் எங்கேயோ போய் நின்றது. தரையில் பிள்ளைகள் பந்து விளையாடலாம் போலிருந்தது. இதுவா அது?

தேசம்மா படத்தின் முன்னால் வந்து நின்றாள். அருகில் போய்ப் பார்த்தாள். பின்னால் நகர்ந்து பார்த்தாள். இரண்டு கையையும் அகட்டி, கட்டிலின் அகலத்தைக் காற்றில் பிடித்து, அதைப் படத்துத் தரையின் மேல் வைத்துப் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்தது.

"சார், கட்டிலு போட்டு மிச்சம் ரெண்டு பாயே விரிக்கலாம் போலகீதே?"

"தாராளமா" என்றார் தணிகாசலம், வாய் கூசாமல். "படத்தைப் பார்க்கறீங்கல்லம்மா? படம் பொய் சொல்லுமா?"

தேசம்மா ஜெயசீலனைத் திரும்பிப் பார்த்தாள். இவர்தானே எடுத்தவர், இவர்தானே அந்த அறைக்குள் நின்றவர். இவர் ஒரு தலையசைப்பு அசைத்திருந்தால் போதும். ஜெயசீலன் குனிந்து கேமரா வாரைச் சரி செய்துகொண்டார். துரோகத்துக்குப் பெரிய பெரிய ஆயுதம் எல்லாம் வேண்டியதில்லை. ஒரு வாரைச் சரி செய்தால் போதும்.

"போடாதே, கையெழுத்துப் போடாதே" என்று பதினாலு கத்தியது. கண்ணாடி கத்தினால் யாருக்குக் கேட்கும்? தேசம்மா கையெழுத்துப் போட்டாள். அவளைப் பார்த்து முதல் தெருவே போட்டது.

அன்றைக்குப் பைக்குள் நடந்தது சண்டை இல்லை, யுத்தம்.

"பொய் சொல்லிட்டே" என்றது முப்பத்தைந்து.

"நான் எதையும் சேர்க்கலை. இருந்த சுவரைத்தான் காட்டினேன். இல்லாத ஒரு செங்கல் காட்டினேன்னு நிரூபி பார்க்கலாம்."

"சேர்க்கலைடா. தள்ளி வச்சே. கைக்கு எட்டுற சுவரை அடுத்த தெருவுல கொண்டுபோய் வச்சே. பக்கத்துல இருக்கிறதைப் பெருசாக்கி, தூரத்துல இருக்கிறதைச் சின்னதாக்கி, நடுவுல இல்லாத மைதானத்தை உண்டாக்கினே. அந்தம்மா அந்த மைதானத்துலதான் கட்டிலைப் போட்டுட்டுப் போயிருக்கு."

"நீ மட்டும் என்ன யோக்கியம்? குழாய் எங்கே? பால்வாடி எங்கே? அந்தத் தெருவை வெறும் சாக்கடையாக்கினது யாரு?"

"நான்தான். அந்த எரிச்சல்லதான் அன்னிக்கே கத்தினேன். நீ சிரிச்சே."

பதினாலு சிரித்தது உண்மை. தணிகாசலத்தின் மேல், ஜெயசீலனின் ஒட்டிக்கொண்ட நாக்கின் மேல், எல்லாவற்றையும்விட அதிகமாகத் தன் நூற்றுநாலு டிகிரியின் மேல் அதற்குக் கோபம் வந்தது.

இருபத்துநாலு மெதுவாகச் சொன்னது. "நம்ம மூணு பேரும் கண்ணுதான். எங்கே நிக்கணும், எதைப் பார்க்கணும்னு சொல்ற கை நம்மது இல்லையே."

"வாயை மூடு" என்றன மற்ற இரண்டும் ஒரே குரலில். "இப்படிச் சொல்லிச் சொல்லித்தான் எல்லாரும் நிம்மதியாத் தூங்கறாங்க."

இரண்டு மாதத்தில் முதல் தெரு தரைமட்டமானது. பூவரச மரத்தையும் விடவில்லை. சாவி கொடுக்கும் விழா என்று புதுக்கட்டடத்தில் ஒரு காலை நேரம் குறித்தார்கள். விருந்தினர் பத்துப் பேர் வருவதாக இருந்தது. அறைக்குள் வைத்துச் சாவி கொடுப்பதாகத்தான் ஏற்பாடு. ஆனால் முந்தின நாள் ஒத்திகையில் நாலு பேர் உள்ளே போனதும் ஐந்தாவது ஆள் சமையல் மேடைமேல் ஏற வேண்டியதாயிற்று. ஆகவே விழா வெளியே பொது வராந்தாவுக்கு வந்துவிட்டது. விருந்தினருக்கே இடமில்லாத வீட்டை விருந்தினர்கள் கைதட்டிக் கொடுக்கப்போகிறார்கள். இதை யாரும் கவனிக்கவில்லை, அல்லது கவனித்தும் ஜெயசீலனைப் போல வாரைச் சரி செய்துகொண்டார்கள்.

தேசம்மா காலையிலேயே வந்துவிட்டாள். நாலு பேரைப் பிடித்து இரும்புக் கட்டிலை நாலு மாடி தூக்கவைத்து, ஏகாம்பரத்தை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் கட்டித் தூக்கவைத்துக் கொண்டுவந்தாள். கட்டிலை அறை நடுவில் போட்டாள். வாசற்கதவு திறக்கவில்லை, கட்டிலில் இடித்தது. சுவரோடு ஒட்டிப் போட்டாள். கதவு திறந்தது, ஆனால் அந்தப் பக்கம் கை நுழைய இடமில்லை. குறுக்கே போட்டாள். கழிவறைக் கதவு அடைத்துக்கொண்டது. திரும்பவும் நடுவில். திரும்பவும் சுவரோடு. தூக்கிவந்த நாலு பேரும் வியர்த்துப்போய் நின்றார்கள். ஏழு விதமாகப் போட்டுப் பார்த்துவிட்டுக் கட்டிலை வெளியே இழுத்து வராந்தாச் சுவரில் நட்டமாகச் சாய்த்தாள். அதன் காலடியில் பாயை விரித்து ஏகாம்பரத்தைக் கிடத்தினாள்.

அப்போதுதான் படியேறி வந்தார்கள் தணிகாசலமும் ஜெயசீலனும்.

"சார், படத்துல கண்ட வூடு எங்க?" என்று கேட்டாள் தேசம்மா. கத்தவில்லை. "இது வேற வூடு. எனக்குக் காட்டின வூட்டைக் குடு."

"இதுதாம்மா அது. கட்டிலை வித்துட்டு மடக்குக் கட்டில் வாங்கிக்கோங்க."

"மடக்குக் கட்டிலு வந்தா சுவரு தள்ளிக்குமா? நடுவுல போடணும் சார். ரெண்டு பக்கமும் நான் போகணும். அப்பவே கேட்டேன்ல? மிச்சம் ரெண்டு பாய் விரிக்கலாமான்னதுக்குத் தாராளமான்னு நீ சொன்னல்ல? இந்த ஆளு முதுகுல மறுபடி புண்ணு வந்தா நீ வந்து கழுவுவியா?"

விருந்தினர்கள் மேலே ஏறிவரும் சத்தம் கேட்டது. தணிகாசலம் ஜெயசீலனிடம் குரலைத் தாழ்த்தி, "இந்தம்மாவையும் இந்தச் சாமானையும் படத்துல வராம ஓரமா நிக்கச் சொல்லுங்க" என்றார்.

கேமராவில் அப்போது இருபத்துநாலு இருந்தது. ஜெயசீலன் எதிர்ச்சுவரோரம் போய் நின்றார். ஆறடி தூரம். அந்தத் தூரத்தில் இருபத்துநாலுக்கு நடுவிலிருந்து இந்தப் பக்கம் நாலரை அடி, அந்தப் பக்கம் நாலரை அடி தெரியும். தேசம்மா நின்றது நடுவிலிருந்து இடது பக்கம் ஆறடியில், கட்டிலை ஒட்டி. கண்ணை வைத்துப் பார்த்தார், அவள் படத்தில் இல்லை. "வரலை சார்" என்றார். நிம்மதியாக மூச்சுவிட்டார். அதற்குப் பிறகு இடது பக்கம் அவர் திரும்பவே இல்லை. திரும்பினால் அவள் கண் இருக்கும்.

விருந்தினர்கள் வரிசையாக நின்றார்கள். அட்டையில் செய்த மூன்றடிச் சாவி வந்தது. முதலில் எடுத்த படத்தைத் தணிகாசலம் பார்த்தார். முகம் சுளித்தார். "மேல தோரணம் வரலையே. இந்தப் பக்கம் பிளாக் பேர் எழுதின பலகை வரலை. அந்த அகல லென்ஸைப் போடுங்க, எல்லாம் வரட்டும்."

ஜெயசீலன் அவசர அவசரமாக இருபத்துநாலைக் கழற்றிப் பதினாலை மாட்டினார். அதே ஆறடி. அதே இடம். காலை அசைக்கவில்லை.

அகல லென்ஸ் மாட்டினால் நாலு ஓரத்தையும் கண்ணால் ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் அழுத்த வேண்டும், இல்லாவிட்டால் சொந்தச் செருப்பே படத்தில் வந்துவிடும். ஜெயசீலன் புதிதாய் வந்தவர்களுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுக்கும் பாடம் அது. அன்றைக்கு வலது ஓரம் பார்த்தார், பலகை வந்தது. மேல் ஓரம் பார்த்தார், தோரணம் வந்தது. கீழ் ஓரம் பார்த்தார், செருப்பு இல்லை. இடது ஓரம் பார்க்கவில்லை. எப்படிப் பார்ப்பார்?

பதினாலு பார்த்தது.

ஆறடியில் அதற்கு இந்தப் பக்கம் ஏழரை அடி தெரியும். தேசம்மா உள்ளே இருந்தாள். நட்டமாக நிற்கும் கட்டில் உள்ளே இருந்தது. பாயில் கிடந்து கேமராவையே பார்த்துக்கொண்டிருந்த ஏகாம்பரம் உள்ளே இருந்தான். நடுவில் சிரித்துக்கொண்டிருந்த இஸ்திரிச் சட்டைகளைப் பார்த்துத் தேசம்மா கையை நீட்டி எதையோ கேட்டுக்கொண்டிருந்தாள், ஒருவரும் அவள் பக்கம் திரும்பவில்லை.

"ஓரத்துல நிக்கிறவனை ரப்பரா இழுப்பேன்னு நீ சொன்னேல்ல?" என்று பைக்குள் இருந்த முப்பத்தைந்துக்குக் கேட்கும்படி சொன்னது பதினாலு. "இப்ப பார்."

"விடாதே" என்றது முப்பத்தைந்து. அந்த வம்சத்தில் ஒன்றுக்கொன்று அப்படிச் சொல்லிக்கொண்டது அதுதான் முதல் தடவை.

"சிரிங்க சார்" என்று ஜெயசீலன் அழுத்தினார்.

படம் தணிகாசலத்தின் போனுக்குப் போனது. உள்ளங்கை அகலத்தில் பார்த்தார். தன் முகம் தெளிவாக இருந்தது, சாவி தெரிந்தது, தோரணமும் பலகையும் வந்திருந்தன. "சூப்பர்" என்று பதில் போட்டார். அச்சகத்தில் நடுவிலிருந்த முகங்களுக்கு மட்டும் கொஞ்சம் வெளுப்பு ஏற்றினார்கள். இருபதடி அகலத்துக்கு ஃப்ளெக்ஸ் அடித்தார்கள். 'முதல் தெரு மகிழ்கிறது, அடுத்தது நீங்கள்' என்று கீழே கொட்டை எழுத்து. இரண்டாம் தெருக்காரர்கள் கையெழுத்துப் போட வேண்டிய அன்று காலை, தெருமுனையில் கட்டினார்கள்.

மேஜை போட்டாயிற்று. ஃபாரங்கள் அடுக்கியாயிற்று. தணிகாசலம் நாற்காலியில் உட்கார்ந்தார். பக்கத்தில் ஜெயசீலன், கழுத்தில் கேமரா, அதில் பதினாலு. ஒன்பது மணிக்குத் தெரு திரண்டு வந்தது. மேஜைக்கு ஒருவரும் வரவில்லை. எல்லோரும் ஃப்ளெக்ஸின் இடது பக்கத்தில் போய்க் குவிந்தார்கள்.

அங்கே ஆறரையடிக் கட்டில் பன்னிரண்டடிக் கோட்டைக் கதவாக நின்றது. தேசம்மாவின் நீட்டிய கை, சாவி கொடுத்த கைகள் எல்லாவற்றையும் சேர்த்தாலும் அதைவிடப் பெரிதாக, நடுவில் சிரிப்பவர்களை நோக்கி நீண்டிருந்தது. அவள் வாய் திறந்திருந்தது. பாயில் கிடந்த ஏகாம்பரத்தின் முகம் நடுவில் இருந்த யார் முகத்தையும்விட அகலமாக, நேரே தெருவைப் பார்த்தது. வெளுப்பு ஏற்றாத முகம்.

"இது நம்ம தேசம்மா அக்கா" என்றாள் வேதவல்லி. அவள் இரண்டாம் தெருக்காரி, பல வருஷம் தேசம்மாவோடு ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தவள். "கட்டிலு எதுக்கு வெளிய நிக்குது? ஆளு எதுக்குத் தரையில கிடக்குது?"

பதில் தேட வேண்டிய அளவுக்கு அந்தக் கேள்வி கஷ்டமானது இல்லை. கட்டில் ஏன் வெளியே நிற்கும்? உள்ளே இடமில்லாமல்தான் நிற்கும்.

வேதவல்லி வீட்டுக்குப் போனாள். போய்த் தன் கட்டிலின் ஒரு முனையைத் தூக்கிக்கொண்டு வந்தாள், மறுமுனையில் அவள் மகள். "நாங்க போயி அந்த ரூமுல இதைப் போட்டுப் பார்த்துட்டு வரோம். அப்பறம் கையெழுத்தைப் பத்திப் பேசு சார்." அவள் பின்னால் ஒருவன் பீரோவைத் தூக்கினான். இன்னொருவன் தையல் மெஷினை. ஒருத்தி கிரைண்டரைத் தள்ளிக்கொண்டு வந்தாள். அரைமணி நேரத்தில் இரண்டாம் தெருவின் சாமான்களெல்லாம் ஆள்தோளில் ஏறி, ஃப்ளெக்ஸைத் தாண்டி, மெயின் ரோட்டில் ஊர்வலமாகப் போய்க்கொண்டிருந்தன. பதினாலு அந்த ஊர்வலத்தை முதல் ஆள் முதல் கடைசி ஆள்வரை ஒரே பார்வையில் பார்த்தது. இந்தத் தடவை அதற்குப் பெருமை வரவில்லை. தேசம்மாவின் வீடு திரும்ப வரப்போவதில்லை என்று அதற்குத் தெரியும், அந்தக் கோபம் அப்படியே இருந்தது.

மேஜைமேல் ஃபாரங்கள் காற்றில் படபடத்தன. தணிகாசலம் எழுந்து ஃப்ளெக்ஸின் முன்னால் போய் நின்றார். முதன்முதலாக அதன் இடது பக்கத்தைப் பார்த்தார். அவர் முகம் செத்துப்போயிற்று.

"யோவ், இதை அடிக்கிறதுக்கு முன்னாடி ஒருத்தன்கூடவாய்யா பார்க்கலை?"

ஜெயசீலன் கழுத்து வாரைத் தொடவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக நாக்கு மேலண்ணத்திலிருந்து பிரிந்தது.

"பார்த்தோம் சார். நீங்க பார்த்தீங்க, நான் பார்த்தேன், அச்சகத்துல பார்த்தாங்க. எல்லாரும் நடுவுலதான் சார் பார்த்தோம்."